பாதி மேசை

அப்பாவுக்கு எதையும் தாள் அளவில் சொன்னால்தான் மனதில் நிற்கும். சிவகாசியில் 31 வருஷம் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்த மனிதர். 2019 நவம்பரில் டோக்கியோவிலிருந்து ஃபோன் செய்து, "அப்பா, காமிக் மார்க்கெட்ல எனக்கு இடம் கிடைச்சிருச்சு. 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "டபுள் டெமி தாள விரிச்சா நீளம் சரியா இருக்கும் தாயி. அகலத்துல நாலஞ்சு அங்குலம் வெளிய தொங்கும்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அதுக்குள்ள என்ன கடை போடுவ?"

உண்மையில் அது ஒரு முழு மேசைகூட இல்லை. 180 சென்டிமீட்டர் மடக்கு மேசையில் ஒரு பாதி. மேசைக்கு ஓர் எண். ஒரு பாதி 'ஏ', மறு பாதி 'பி'. எனக்கு விழுந்தது 'பி'. ஜப்பானியர் 'கோமிகே' என்று சுருக்கிச் சொல்லும் காமிக் மார்க்கெட், உலகத்திலேயே பெரிய ரசிகர் சந்தை. ஆகஸ்டில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு முறை கூடுகிறது. சொந்தக் காசில் புத்தகம் போட்டவர்கள் தாங்களே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விற்கிறார்கள். நான் உட்கார்ந்த அந்த டிசம்பரில் நான்கு நாளில் வந்துபோனவர்கள் 7,50,000 பேர். பத்திரிகைகள் இந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது 90 என்கிற எண். அந்தப் பாதி மேசை எப்படி வந்தது, அதன்மேல் உட்கார என்னைப் போன்ற ஒருத்திக்கு எப்படி உரிமை வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1975 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. டோக்கியோவின் தோரனோமோன் பகுதியில் தீயணைப்பு வீரர்களுக்கான கட்டடம் ஒன்று இருந்தது. நிஹோன் ஷோபோ கைகான் என்று பெயர். அதில் ஒரு கூட்ட அறையை வாடகைக்கு எடுத்து முதல் காமிக் மார்க்கெட்டை நடத்தினார்கள். மேசை போட்டவை 32 குழுக்கள். வந்தவர்கள் சுமார் 700 பேர். நம்மூரில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வரும் கூட்டம்.

அது ஏன் தொடங்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்காவின் ரசிகர்களுக்கென்று அப்போதே ஆண்டு மாநாடு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை விமர்சித்த ஒரு ரசிகையை, 1975இல் நீ வரக் கூடாது என்று நடத்தியவர்கள் தடுத்துவிட்டார்கள். 'மெய்க்யூ' என்ற சின்ன விமர்சனக் குழு அதை எதிர்த்தது. மெய்க்யூ என்றால் புகுந்தவர் வெளியே வர வழி தெரியாமல் சுற்றும் புதிர்வழி. யொனெசாவா யொஷிஹிரோ, ஹரதா தெருவோ, அனிவா ஜுன் ஆகியோர் அதில் இருந்தார்கள். யொனெசாவாவுக்கு அப்போது வயது 22. கண்டன அறிக்கையோடு அவர்கள் நிற்கவில்லை. யாரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பாத இடத்தைத் தாங்களே உண்டாக்குவோம் என்று கிளம்பினார்கள். ஒரு பெண்ணை வெளியே நிறுத்தியதிலிருந்து பிறந்த மேசை இது. கோமிகேயின் வரலாற்றில் என்னை முதலில் பிடித்து உட்கார வைத்த செய்தி அதுதான்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாங்கா உலகின் பெரியவரான தெசுகா ஒசாமுவின் நிறுவனம் 1967இல் 'காம்' என்ற இதழைத் தொடங்கியது. வாசகர்கள் வரைந்து அனுப்பியவற்றை அது மதித்து வெளியிட்டது. ஊர் ஊராக ரசிகர் குழுக்கள் அமைய வழிசெய்தது. 1971இன் முடிவோடு இதழ் நின்றுபோனது. குழுக்கள் மட்டும் மிஞ்சின. வரைவதற்குக் கை இருந்தது, படிக்க ஆள் இருந்தது, சந்திக்க இடம் இல்லை. தோரனோமோன் அறை அந்த இடத்தைக் கொடுத்தது.

அந்த 700 பேர் யார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காமிக்ஸ் ரசிகர் கூட்டம் என்றால் கண்ணாடி போட்ட இளைஞர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். முதல் கோமிகேக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள். ஹகியோ மோத்தோ, தக்கெமியா கெய்கோ போன்ற பெண் படைப்பாளிகள் அப்போது ஷோஜோ மாங்கா என்னும் பெண் பிள்ளைகளுக்கான சித்திரக்கதைகளையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் படித்துத் தூக்கம் தொலைத்த பிள்ளைகள்தான் வந்து நின்றார்கள். இதை ஆண்களின் பொழுதுபோக்கு வரலாறாகச் சொல்கிறவர்கள் தவறாகச் சொல்கிறார்கள். இந்த மேசையை முதலில் நிறைத்தவர்கள் சீருடைப் பிள்ளைகள்.

மேசையில் விற்பதை 'தோஜின்ஷி' என்பார்கள். தோஜின் என்றால் ஒத்த மனமுடையவர்கள். ஷி என்றால் இதழ். சொல் பழையது. 1885இல் ஒசாக்கி கோயோ முதலிய மாணவர்கள் 'கராகுதா புன்கோ' என்ற இதழைத் தொடங்கினார்கள். முதலில் அதற்கு அச்சு கிடையாது. கையால் எழுதி, கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். மாங்காவிலும் அப்படித்தான். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இஷினோமோரி ஷோதாரோ, பள்ளி மாணவராக இருந்த 1953இல் 'பொக்குஜு இத்தேக்கி' என்ற இதழை நடத்தினார். 'ஒரு துளி மை' என்று பொருள். பல ஊர்ப் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய அசல் ஓவியங்களையே சேர்த்துத் தைத்த இதழ் அது. படி ஒன்றே ஒன்றுதான். அது தபாலில் ஒவ்வொரு வீடாகப் பயணம் போனது.

இதைப் படித்தபோது எனக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இதற்குத் தமிழில் தயாராக ஒரு சொல் இருக்கிறது: கையெழுத்துப் பத்திரிகை. கோவில்பட்டியில் எங்கள் பெரியப்பா 1960களில் பள்ளியில் படித்த காலத்தில் ஒன்று நடத்தியிருக்கிறார். கோடு போடாத நோட்டு, கறுப்பு மை, தலைப்புகளுக்கு மட்டும் சிவப்பு. அட்டைப் படமும் அவரே. கடைசிப் பக்கத்தில் படித்தவர்கள் கருத்து எழுத இடம் விட்டிருப்பாராம். எட்டு இதழோ ஒன்பது இதழோ வந்ததாகச் சொல்வார். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. 1980களில் வீடு மாறும்போது பரணிலிருந்ததை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். பெரியப்பா இறந்த பிறகு யோசித்துப் பார்த்தோம். பத்திரிகையின் பெயர்கூட வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

தோரனோமோனுக்குப் பிறகு கோமிகே இடம் மாறிக்கொண்டே இருந்தது. இதாபாஷி, ஓத்தா, கவாசாகி என்று சின்னச் சின்ன மண்டபங்கள். 1981இல் ஹருமி துறைமுகப் பகுதியின் கண்காட்சி மைதானம். 1989 குளிர்காலத்தில் மகுஹாரி மெஸ்ஸே. 1991இல் ஆபாச தோஜின்ஷி விற்றதாகப் போலீஸ் நடவடிக்கை எடுத்ததையொட்டி மகுஹாரி கைவிட்டுப்போய், மறுபடி ஹருமி. 1996 ஆகஸ்டில், ஐம்பதாவது கோமிகேயோடு, அரியாக்கேயில் உள்ள டோக்கியோ பிக் சைட். தலைகீழாகக் கவிழ்த்த நான்கு பிரமிடுகள் போன்ற அந்தக் கட்டடத்தில்தான் இன்றைக்கும் நடக்கிறது.

இடம் மாறியது, கூட்டம் ஆயிரம் மடங்கு பெருகியது. ஆனாலும் பாதி மேசை பாதி மேசையாகவே இருக்கிறது. இதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். நீண்ட வரிசை நிற்கும் குழுக்களுக்குச் சுவரோரம் இடம் ஒதுக்குவார்கள். ஷட்டரைத் திறந்தால் வரிசையை வெளியே கொண்டுபோகலாம் என்பதுதான் காரணம். அவர்களைச் 'சுவர்' என்று சொல்வார்கள். மற்றவர்கள் நடுவில், மேசைகளை நீள்சதுரமாகச் சேர்த்த 'தீவு'களில். தீவின் முனையில் இருக்கும் இடத்துக்குப் 'பிறந்தநாள் இருக்கை' என்று பெயர். பிறந்தநாள் விருந்தில் மேசைத் தலைமாட்டில் பிள்ளையை உட்கார வைப்பது போல. சுவரானாலும் தீவானாலும் ஓர் இடத்துக்கு அதே 90, அதே 45. மாங்கா உலகையே ஆண்ட 'கிளாம்ப்' பெண்கள் தோஜின்ஷிக் குழுவாகத்தான் தொடங்கினார்கள். 'சுகிஹிமே' என்ற கணினிக் கதை விளையாட்டு 2000 டிசம்பரில் இங்கே விலைக்கு வந்தது. 'ஹிகுராஷி' 2002 ஆகஸ்டில். இரண்டும் பின்னால் பெருந்தொழிலாகிவிட்டன. அவர்களுக்கும் தொடக்கத்தில் கிடைத்தது இந்த மாதிரி மடக்கு மேசைதான்.

காமிக் மார்க்கெட்டின் முதல் கொள்கை, இங்கே வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை என்பது. விற்பவர், வாங்குபவர், கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர் மூவருமே 'பங்கேற்பாளர்கள்'. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. விற்பவருக்கும் பெரிய லாபம் கிடையாது. பெரும்பாலான குழுக்கள் நட்டத்தில்தான் புத்தகம் போடுகின்றன என்பது அமைப்பாளர்களே எடுத்த கணக்கில் வெளிப்பட்டது. மேசைகளில் பாதிக்கு மேல் வேறொருவர் படைத்த கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்கள் வரைந்தவை. சட்டப்படி அது பதிப்புரிமை மீறல் ஆகலாம். 1999இல் போகேமான் பாத்திரங்களை வைத்து வரைந்த ஒரு பெண் கைதாகியும் இருக்கிறார். ஆனாலும் பொதுவாகப் பதிப்பகங்கள் கண்டும் காணாமல் விடுகின்றன. நாளைய ஓவியர்கள் இங்கிருந்துதான் வருகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் புத்தகத்தில் யாருடைய கதாபாத்திரமும் இல்லை. கோவில்பட்டியில் ஆச்சியின் அடுப்படியிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக வரைந்திருந்தேன். ஆட்டுரல், அம்மி, திருகை, அருவாமனை, சொளவு, இட்லிக் கொப்பரை, மத்து, சிரட்டை அகப்பை, உறி, பணியாரச் சட்டி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழ்ப் பெயர், அதன் உச்சரிப்பு ஜப்பானிய கதகானா எழுத்தில், பிறகு அதை எப்படிப் பிடித்து வேலை செய்வது என்று நான்கு வரி. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதினேன். என் ஜப்பானிய வாக்கியங்களை அலுவலகத் தோழி ஒருவர் திருத்திக் கொடுத்தார். 'விமர்சனம், தகவல்' என்ற வகையில் விண்ணப்பித்தேன். முதல் முறை குலுக்கலில் பெயர் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது.

24 பக்கம், ஏ5 அளவு, 40 படி. பெரிய அச்சகத்துக்குக் கொடுக்கும் அளவு இல்லை. இப்படிச் சின்ன அளவில் போடுவதற்கு அங்கே ஒரு பழைய வழி இருக்கிறது. 'கோப்பி-போன்' என்பார்கள், நகலெடுத்த புத்தகம். அதற்கும் முந்தைய தலைமுறை 'கரிபான்' வைத்திருந்தது. மெழுகுத் தாளில் எழுத்தாணியால் கீறி, மை உருளையை ஓட்டி எடுக்கும் கருவி. ஹோரியி ஷின்ஜிரோ 1894இல் உருவாக்கியது. நம்மூரில் துண்டறிக்கை போட்டவர்களுக்கு சைக்ளோஸ்டைல் என்றால் புரியும், கிட்டத்தட்ட அதேதான். பிறகு தெருமுனைக் கோன்பினிக் கடைகளில் நகல் இயந்திரம் வந்தது. கறுப்பு வெள்ளை ஒரு பக்கம் 10 யென்தான் இருந்தது. கையில் 10 யென் இருந்தால் பள்ளிப் பிள்ளையும் பதிப்பாளர் ஆகலாம். தோஜின்ஷி இப்படிப் பெருகியதற்கு இந்தப் பத்து யென் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

நிஷி-கசாய் பக்கம் எங்கள் தெருமுனைக் கோன்பினியில் டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு ஆரம்பித்தேன். ஒரு புத்தகத்துக்கு ஏ4 தாள் ஆறு. அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் வண்ணம், 50 யென். மற்ற 11 பக்கங்களுக்கு 110. ஆக ஒரு படிக்கு 160 யென். 40 படிக்கு 6,400. வேறு யாராவது நகலெடுக்க வந்தால் நகர்ந்து வழிவிட்டுவிட்டு மறுபடி தொடர்ந்தேன். முடிக்கும்போது இரவு இரண்டு மணி.

மறுநாள் அப்பா வீடியோ அழைப்பில் இருந்தபடியே சொல்லிக் கொடுத்தார். ஃபோனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். "மொத்தமா மடிக்காத. ஒவ்வொரு தாளா மடி. மரஸ்கேலால அழுத்தித் தேயி. அப்புறம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகு." மடிப்பின் நடுவில் இரண்டு பின். சிவகாசியில் சென்டர் பின் என்பார்கள். பின்னடித்த பிறகு உள்தாள்கள் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நின்றன. காமிராவில் அதைப் பார்த்த உடனே, "நீட்டிக்கிட்டு நிக்குது பாரு, அத வெட்டணும். படம் ஓரத்துக்கு ஒட்டி இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. திருகையின் கைப்பிடி ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டினால் கைப்பிடி போய்விடும். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியே விட்டுரு. கையால செஞ்ச புத்தகம்னு தெரியட்டும்" என்றார். அவர் காலமெல்லாம் வேலை பார்த்த சிவகாசியிலிருந்துதான் 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வந்தன. சின்ன வயதில் அவற்றைப் படித்துத்தான் எனக்குச் சித்திரக்கதை என்றால் என்னவென்று தெரிந்தது. புத்தகம் என்பது மடிப்பும் பின்னும் வெட்டும் சேர்ந்தது என்பது அன்றைக்கு அரிசி டப்பாவுக்கு முன்னால்தான் விளங்கியது.

விழா அன்று காலை எட்டு மணிக்கு அரங்குக்குள் போனேன். மேசைமேல் நாற்காலி கவிழ்த்து வைத்திருந்தது. அச்சகங்களின் விளம்பரத் தாள்கள் கற்றையாகக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை நாலாக மடித்து விரித்தேன். ஓரம் தொங்கியது. அப்பா சொன்ன அளவு சரிதான். சில்லறைக்காக 100 யென் நாணயம் ஐம்பது கொண்டுபோயிருந்தேன். விலை 300 யென். அங்கே விலையை முழு நூறுகளில்தான் வைப்பார்கள், சில்லறை தேடி வரிசை நிற்கக் கூடாது என்பதற்காக.

'ஏ' பாதியில் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர். ரயில் நிலையங்களில் விற்கும் சாப்பாட்டுப் பெட்டிகளின் மேலுறைத் தாள்களை நாற்பது வருஷமாகச் சேர்த்து, ஊர்வாரியாகப் புத்தகம் போடுகிறவர். என்னைக் கண்டதும் எழுந்து குனிந்து வணங்கி, "இன்றைக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறேன், தயவு பாராட்டுங்கள்" என்று சொல்லித் தன் புதிய புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் காலையில் புத்தகத்தை மாற்றிக்கொள்வது வழக்கம். நானும் என்னுடையதைக் கொடுத்தேன். குழவி என்ற சொல்லை அவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். ஜப்பானிய மொழியில் 'ர'வுக்கும் 'ல'வுக்கும் சேர்த்தே ஒலி ஒன்றுதான்; 'ழ' எங்கே வரும்? ஆனாலும் நாக்கை மடித்து மடித்து முயன்று, கடைசியில் கிட்டத்தட்டக் கொண்டுவந்துவிட்டார்.

ஒன்பது மணியளவில் தொண்டர் ஒருவர் வந்தார். இருபது வயது இருக்கும். "புதிய புத்தகமா?" என்று கேட்டு ஒரு படியைக் கையில் வாங்கினார். விற்கும் ஒவ்வொரு புதிய புத்தகத்துக்கும் ஒரு மாதிரிப் படியை அமைப்பாளர்களிடம் கொடுக்க வேண்டும். புத்தகத்தின் பெயர், குழு, மேசை எண் எழுதிய சீட்டை அதில் ஒட்டியிருக்க வேண்டும். 1991 நெருக்கடிக்குப் பிறகு பக்கம் பக்கமாகப் பார்ப்பது கடுமையானது. அந்தப் பையனும் பக்கம் பக்கமாகப் புரட்டினான். உறி படத்தில் நின்றான். அடுத்து சொளவு. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, "சரியாக இருக்கிறது. பெற்றுக்கொண்டோம்" என்று குனிந்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனான். என் புத்தகத்தின் முதல் வாசகன் அவன்தான்.

பத்து மணிக்கு ஒலிபெருக்கியில், காமிக் மார்க்கெட் 97 தொடங்குகிறது என்று அறிவித்தார்கள். உடனே அரங்கம் முழுவதும் கைதட்டல். யாரும் மேடையில் இல்லை, யாரும் பேசவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவர்களும் அந்தப் பக்கம் நின்றவர்களும் ஒருவருக்கொருவர் தட்டினார்கள். பக்கத்துப் பெண்மணி என்னைப் பார்த்துத் தட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பகல் முழுக்க 23 படி விற்றது. வந்தவர்களில் ஒருவரை மட்டும் மறக்கவே மாட்டேன். எழுபது கடந்த பெரியவர். திருகை இருந்த பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் பாட்டி வீட்டிலும் இதே கல் இருந்ததாம். 'இஷி-உசு' என்பார்களாம். அதில் சோயா அரைத்தார்களாம். மேல்கல்லில் தானியம் போடும் குழி நடுவில் இல்லாமல் ஒதுங்கி இருக்கும் என்றார். நான் நடுவில் வரைந்திருந்தேன். எங்கள் ஊரில் குழி நடுவில்தான் இருக்கும் என்றேன். "எந்தக் கையால் சுற்றுவீர்கள்? எந்தப் பக்கமாக?" என்று கேட்டார். எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடி ஆச்சி உளுந்து உடைப்பதை நினைத்துப் பார்த்தேன். வலது கை, கைப்பிடி தன்னை விட்டு விலகிப் போய் இடதுபக்கமாகத் திரும்பி வரும். அதைக் காற்றில் சுற்றிக் காட்டினேன். அவரும் காற்றில் சுற்றினார். எங்கள் இருவர் கையும் ஒரே பக்கமாகச் சுற்றின. மூன்று நாணயத்தை மேசையில் வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கோட்டுக்குள் பத்திரமாகச் சொருகிக்கொண்டு போனார்.

மாலை நான்கு மணிக்கு மறுபடி அறிவிப்பு, மறுபடி கைதட்டல். 23 விற்றது, மூன்று மாற்றிக்கொண்டது, ஒன்று மாதிரிப் படி. மீதி 13.

மாதிரிப் படிகள் என்ன ஆகின்றன என்று பின்னால் விசாரித்தேன். அவற்றைத் தூக்கி எறிவதில்லை. 1980 முதல் 2006 வரை கோமிகேயின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் யொனெசாவா. அச்சில் வந்த எதையும் அற்பம் என்று ஒதுக்கத் தெரியாத மனிதர். ஷோஜோ மாங்காவின் வரலாற்றை 1980இலேயே புத்தகமாக எழுதியவர். 2006 அக்டோபரில் 53 வயதில் இறந்துபோனார். அதன்பின் மூன்று பேர் கூட்டாகப் பொறுப்பேற்று நடத்தினார்கள். அவர் சேர்த்த புத்தகங்களை வைத்து மெய்ஜி பல்கலைக்கழகம் 2009 அக்டோபர் 31இல் கண்டா சருகாகுச்சோவில் ஒரு நினைவு நூலகம் திறந்தது. கோமிகே மாதிரிப் படிகளில் ஒரு பகுதியை அங்கே உட்கார்ந்து படிக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி பத்து யென்னுக்கு நகலெடுத்துப் பின்னடித்த புத்தகத்தையும் சீட்டு ஒட்டிக் காப்பாற்றி வைக்கிறார்கள். கோமிகேயின் கூட்டத்தை விட, வருமானத்தை விட, நான் வணங்குவது இந்த ஒரு வழக்கத்தைத்தான்.

அடுத்த கோமிகே வழக்கமான ஆகஸ்டுக்குப் பதிலாக 2020 மே மாதம் நடப்பதாக இருந்தது. கொரோனாவால் நின்றது. 1975இல் தொடங்கியதிலிருந்து ரத்தானது அதுவே முதல் தடவை. 2021 டிசம்பர் கடைசியில் மறுபடி கூடியபோது ஒரு நாளைக்கு 55,000 பேருக்கு மட்டும் அனுமதி. பக்கத்துப் பெண்மணியிடமிருந்து அந்தப் புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை வந்தது. முகவரிக்குக் கீழே கதகானாவில் 'குழவி' என்று எழுதியிருந்தார்.

மீந்த 13இல் ஒன்றை அப்பாவுக்கு அனுப்பினேன். பிரித்ததும் முதலில் பின்னைத்தான் தடவிப் பார்த்தாராம், அம்மா சொன்னாள். இரண்டாவதாகத் திருகையின் கைப்பிடி.

நம்மிடமும் யொனெசாவாவைப் போல ஒரு மனிதர் இருந்தார். கோட்டையூரைச் சேர்ந்த விளம்பரப் பலகை ஓவியர் ரோஜா முத்தையா செட்டியார். ஊர் ஊராக அலைந்து, பாட்டுப் புத்தகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்து வைத்துவிட்டுப் போனார். அந்தச் சேகரிப்பில் பிறந்ததுதான் 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஈழத்து எழுத்துகளுக்கு நூலகம் என்னும் இணைய நூலகம் 2005 முதல் இயங்கிவருகிறது. சென்னையில் 2024 பிப்ரவரியில் முதல் காமிக் கான் நடந்திருக்கிறது. அங்கே மேசை போடும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: எத்தனை சின்னப் புத்தகமாக இருந்தாலும் விற்பதற்கு முன்னால் ஒரு படியை எடுத்துத் தனியாக வையுங்கள், தேதியும் ஊரும் பெயரும் எழுதி ஒட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னொன்று. பரணில் கையெழுத்துப் பத்திரிகை கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுக்க மனமில்லாவிட்டால், பக்கம் பக்கமாகப் படமாவது எடுத்து அனுப்பி வையுங்கள்.